சிற்றூர்த் தமிழ்ப்பள்ளியும் திருக்கோயில் அன்பர்களும்
(ஆலயத் திருவிழாவின்போது நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





மலேசியத் திருநாட்டில் தோட்டப்புறத்தை ஒட்டிய பல சிற்றூர்களில் இரண்டு கட்டடங்கள் அருகருகே நிற்கக் காணலாம். ஒன்று அம்மன் ஆலயம், மற்றொன்று தமிழ்ப்பள்ளி. பால்மரக் காட்டில் உழைத்த முன்னோர் தங்கள் லயத்து வீடுகளுக்கு மண்தரை போதுமென்று இருந்தனர். ஆனால் அம்மனுக்கு ஒரு கூரையும் பிள்ளைகளுக்கு ஒரு கரும்பலகையும் வேண்டுமென்று விரும்பினர். ஆலயமும் பள்ளியும் அவர்களுக்கு இருகண்களாக விளங்கின என்றால் அது மிகையன்று.

இன்று அவ்விரண்டு கண்களின் நிலை வெவ்வேறாக உள்ளது. திருவிழா நாளில் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊர் திரும்புகின்றனர். காவடியும் பால்குடமும் தேரும் தீர்த்தவாரியுமாக ஆலயம் களைகட்டுகின்றது. விழா முடிந்த மறுவாரம் வண்டிகள் புறப்பட்டுச் சென்றபின், பக்கத்துப் பள்ளியில் காலை மணி ஒலிக்கும்போது வரிசையில் நிற்கும் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு காலத்தில் 200 பிள்ளைகள் பயின்ற பள்ளியில் இன்று 20 பிள்ளைகள் பயில்கின்றனர் என்னும் செய்தி பல ஊர்களில் கேட்கும் செய்தியே ஆகும். இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, அதனால் பிள்ளைகளின் கல்விக்கு என்ன நேர்கின்றது, ஆலயத்தைச் சார்ந்தவர்கள் என்ன செய்யக்கூடும் என்பனவற்றை எண்ணிப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கமாகும்.

வந்த வழி

மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் 1816ஆம் ஆண்டில் பினாங்கில் நிகழ்ந்தது. அவ்வாண்டு தொடங்கப்பெற்ற பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு ஒன்றும் இடம்பெற்றது. எனினும், தமிழ்ப்பள்ளிகள் ஊர்தோறும் பரவியது ரப்பர்த் தோட்டங்களின் பெருக்கத்திற்குப் பின்னரே ஆகும். பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டுமென்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் வந்ததே தவிர, சிறப்பான கல்வி உடனே வந்துவிடவில்லை. ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையிலோ ஆலயத்தின் முன்மண்டபத்திலோ வகுப்புகள் நடந்தன. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தபின் பிள்ளைகள் பெற்றோரின் பின்னே வேலைக்காட்டிற்குச் சென்றனர். தோட்டத்தில் பிறந்த பிள்ளை தோட்டத்திலேயே உழைக்க வேண்டும் என்பது அக்கால முதலாளிமார்களின் கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றியவர்கள் பெற்றோர்களும் ஆசிரியர்களும் ஆவர். நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை 888 என்று குறிக்கப்பெறுகின்றது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதனையொட்டி 1957இல் வந்த கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளை நாட்டின் பொதுக்கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. பாடத்திட்டம் பொதுவாயிற்று; பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தனர்; ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் வழி திறந்தது. தோட்டப்பள்ளிகளில் அகரம் பயின்று மருத்துவர்களாகவும் வழக்குரைஞர்களாகவும் பேராசிரியர்களாகவும் உயர்ந்தவர்கள் இந்நாட்டில் பலர் உளர் என்பது கண்கூடு.

பிள்ளைகள் குறைந்த காரணம்

888 ஆக இருந்த பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகும். மாணவர் எண்ணிக்கையைப் பார்த்தால், 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டில் அது ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றது. 2020களில் 80,000க்கும் கீழே இறங்கிவிட்டது. இருக்கும் பள்ளிகளுள் சரிபாதிக்கும் மேற்பட்டவை 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. இவற்றைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்துகின்றது.

இந்த வீழ்ச்சிக்குப் பெற்றோரின் அலட்சியமே காரணம் என்று மேடைதோறும் கூறப்படுகின்றது. பெற்றோர் தமிழ்ப்பள்ளியைப் புறக்கணிக்கின்றனர் என்று கடிந்துரைப்பது எளிது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், அது முழு உண்மையன்று. முதலாவதாக, தோட்டங்களே மறைந்தன. 1950களின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. அதன்பின் நிலம் வீடமைப்பிற்கும் தொழிற்பேட்டைக்கும் விலைபோயிற்று. இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகராகத் திகழும் புத்ராஜெயா எழுந்த நிலத்தில் முன்னாளில் பிராங் பெசார் முதலிய ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன என்பதை இளையோர் பலர் அறியார். தோட்டம் போனபின் மக்கள் வேலை தேடிப் பட்டணம் சென்றனர். பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றது.

இரண்டாவதாக, பிள்ளைப்பேறு குறைந்தது. பாட்டி எட்டுப் பெற்றார். தாய் நான்கு பெற்றார். மகள் ஒன்றோ இரண்டோ பெறுகின்றார். இந்நாட்டு இந்தியக் குடும்பங்களில் சராசரிப் பிள்ளைப்பேறு இன்று ஒரு தாய்க்கு 2 என்னும் அளவிற்கும் குறைவு. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களுள் இந்தியர் 7 விழுக்காட்டிற்கும் குறைவாகவே இருந்தனர். ஊரில் பிறவாத பிள்ளையை எந்தப் பரப்புரையாலும் பள்ளிக்கு அழைத்து வர இயலாது.

மூன்றாவதாகவே பெற்றோரின் தெரிவு வருகின்றது. மலாய்மொழியில் பிள்ளை பின்தங்கிவிடுமோ, இடைநிலைப்பள்ளியில் திணறுமோ என்னும் அச்சத்தால் சிலர் தேசியப் பள்ளியை நாடுகின்றனர். சிலர் சீனப்பள்ளியை நாடுகின்றனர். பிள்ளையின் நன்மையை நாடியே அவர்கள் அவ்வாறு செய்கின்றனர். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதால் பயனில்லை. அவர்களுடைய அச்சத்திற்கு விடை கூறும் வகையில் ஊர்ப்பள்ளியைச் செம்மைப்படுத்துவதே பயன் தரும்.

தேர்ச்சிக் கணக்கின் மயக்கம்

சிறிய பள்ளி என்றாலே தேர்ச்சியும் சிறியது என்னும் எண்ணம் ஊரில் பரவியுள்ளது. இதனைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும். 1988ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2019ஆம் ஆண்டுவரை நடைபெற்றது. பெருந்தொற்றினால் 2020இல் நிறுத்தப்பட்டு, 2021இல் அறவே நீக்கப்பட்டது. அந்தத் தேர்வு இருந்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு பேசப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு பள்ளியில் ஆறாம் ஆண்டில் 4 பிள்ளைகள். மூவர் எல்லாப் பாடங்களிலும் தேறினர். ஒரு பிள்ளை தேர்வுக்கு முன் காய்ச்சலில் கிடந்து ஒரு பாடத்தில் தவறியது. பள்ளியின் தேர்ச்சி 75 விழுக்காடு. பட்டணத்துப் பள்ளியில் 120 பிள்ளைகளுள் 24 பேர் தவறினர். அதன் தேர்ச்சி 80 விழுக்காடு. எது நல்ல பள்ளி? ஒரு பிள்ளையின் காய்ச்சல் ஒரு பள்ளியின் பெயரைக் கெடுத்துவிடுகின்றது. அடுத்த ஆண்டு நால்வரும் தேறினால் அதே பள்ளி 100 விழுக்காடு என்று மாலை சூட்டப்பெறுகின்றது. ஆசிரியரும் அவரே, கரும்பலகையும் அதுவே. சிறிய எண்ணிக்கையில் விழுக்காடு பேசுவது அளவுகோல் இல்லாமல் துணி அளப்பதற்கு ஒப்பாகும். சிற்றூர்ப் பள்ளியைப் பற்றி அறிய விரும்புவோர், ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனினும் மேலாக, மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசிக்கின்றதா, மலாய்மொழியில் தன் எண்ணத்தைக் கூறுகின்றதா, பெருக்கல் கணக்கை அறிந்திருக்கின்றதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

சிறிய பள்ளிக்குச் சில நன்மைகளும் உண்டு. அங்கே ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், அதன் வீட்டு நிலையையும் தலைமையாசிரியர் அறிவார். ஒரு நாள் வராத பிள்ளையை மறுநாளே தேடுவர். 2000ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்ப்பள்ளிகளின் யு.பி.எஸ்.ஆர். தேர்ச்சி படிப்படியாக உயர்ந்ததும், அறிவியல் புத்தாக்கப் போட்டிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அயல்நாடுகள் வரை சென்று பரிசு பெற்றதும் எண்ணிக்கை மட்டுமே கல்வியன்று என்பதற்குச் சான்றுகளாகும்.

உண்மையான குறைகள்

நன்மையை மட்டும் கூறிக் குறையை மறைப்பது அறமாகாது. மாணவர் எண்ணிக்கை மிகவும் குறைந்த பள்ளியில் இரண்டு ஆண்டுகளின் பிள்ளைகளை ஒரே அறையில் அமர்த்தி இணைந்த வகுப்பு நடத்த நேர்கின்றது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிக் காட்டும் அதே ஆசிரியர், அதே நேரத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளையின் பயிற்சியையும் திருத்த வேண்டும். அதற்குத் தனித்திறமையும் தனிப்பயிற்சியும் தேவை. ஒரு பந்தாட்டக் குழுவிற்குப் போதிய பிள்ளைகள் இரார். பாடல் குழு, நாடகம், விவாதம் ஆகியவற்றிற்கும் ஆள் போதாது. அலுவலகப் பணிகளோ பெரிய பள்ளிக்கும் சிறிய பள்ளிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. அவற்றைச் சுமக்கும் ஆசிரியர்களோ மிகச் சிலர்.

நிலப் பிரச்சினையும் உண்டு. தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்ட நிறுவனத்திற்கோ தனியாருக்கோ உரிய நிலத்தில் நின்று, அரசின் பகுதி உதவியை மட்டுமே பெறுபவை. நிலம் பள்ளியினுடையது அன்று என்பதால் புதிய கட்டடம் எழுப்புவது எளிதாக இருப்பதில்லை.

இவற்றால் ஒரு தீய சுழல் உண்டாகின்றது. பிள்ளைகள் குறைவதால் வகுப்புகள் இணைகின்றன. வகுப்புகள் இணைவதால் பெற்றோர் தயங்குகின்றனர். பெற்றோர் தயங்குவதால் பிள்ளைகள் மேலும் குறைகின்றனர். 24 பிள்ளைகள் உள்ள பள்ளியிலிருந்து மூன்று பிள்ளைகள் கொண்ட ஒரே ஒரு குடும்பம் வெளியேறினால், எட்டில் ஒரு பங்கு பள்ளி வெளியேறியதாகும். அதே கணக்கு மறுபுறமும் பொருந்தும் என்பதை மறந்துவிடலாகாது. மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்து சேர்ந்தால் அந்தப் பள்ளி எட்டில் ஒரு பங்கு வளர்கின்றது. பட்டணத்துப் பெரிய பள்ளியில் ஒரு குடும்பத்தின் தெரிவு ஒரு துளி. சிற்றூரில் அதுவே ஒரு குடம்.

ஆலயம் ஆற்றக்கூடிய பணிகள்

பாடம் கற்பிப்பது பள்ளியின் கடமை. பள்ளிக்குத் துணை நிற்பது ஊரின் கடமை. சிற்றூரில் ஊர் ஒன்றுகூடும் இடம் ஆலயமே ஆதலால், அக்கடமையில் ஆலயத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

முதலாவது, பிள்ளைகளின் கணக்கு. 2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயமாகும். முதலாம் ஆண்டிற்கான பதிவை முன்னதாகவே, இணையத்தின் வழி செய்ய வேண்டியுள்ளது. இரவு வேலை செய்யும் தந்தைக்கும், கைப்பேசியில் பாரம் நிரப்பத் தெரியாத பாட்டிக்கும் இது ஒரு மலையாகத் தோன்றக்கூடும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆலயத்தில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசைக்கு அருகில், ஆண்டில் சில வாரங்கள் மட்டும், பள்ளிப் பதிவிற்கும் பத்திரங்களுக்கும் உதவும் ஒரு மேசை இடப்பெறுமானால், வீட்டில் தங்கிவிடும் ஒரு பிள்ளையாவது பள்ளி சேரும்.

இரண்டாவது, போக்குவரத்து. மக்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதி ஓரிடம், பள்ளி மற்றோரிடம். வேன் கட்டணம் செலுத்த இயலாமையால் அருகிலுள்ள வேறு பள்ளியில் சேர்க்கப்படும் பிள்ளைகள் உள்ளனர். ஓர் உபயக்காரர் தம் உபயத்தின் ஒரு பகுதியை ஒரு பிள்ளையின் ஓராண்டு வேன் கட்டணமாக நேர்ந்துகொள்வாரானால், அதுவும் அம்மனுக்குச் செய்த உபயமே ஆகும்.

மூன்றாவது, பாலர் வகுப்பும் வாசிப்பும். முதலாம் ஆண்டில் காலடி வைக்கும்போதே எழுத்தறிந்த பிள்ளைக்கும் அறியாத பிள்ளைக்கும் உள்ள இடைவெளி, ஆறாண்டிலும் மூடுவது அரிது. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் எழுத்தறிவித்து ஏடு தொடக்கும் ஆலயம், மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளையை மறந்துவிடலாமா? வெள்ளிக்கிழமை மாலைகளில் பெற்றோர் வழிபாட்டில் இருக்கும் நேரத்தில், மண்டபத்தின் ஒரு பக்கத்தில் தமிழ், மலாய், ஆங்கில நூல்கள் கொண்ட ஓர் அலமாரியும் ஒரு பாயும் போதும். பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் எந்தச் சிற்றூரிலும் இருப்பார்.

நான்காவது, இடைநிலைப்பள்ளிக்கு மாறும் காலம். தமிழ்ப்பள்ளியிலிருந்து செல்லும் பிள்ளை மலாய்மொழி வழிக் கல்விக்கு மாறுகின்றது. அம்மொழியில் போதிய நிலையை எட்டாத பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில நேர்கின்றது. ஊக்கம் தளர்ந்து பள்ளியைவிட்டு நிற்பது பெரும்பாலும் இதன்பின் வரும் ஆண்டுகளில்தான். 1982ஆம் ஆண்டில் டாக்டர் எம். தம்பிராஜாவால் தொடங்கப்பெற்ற ஸ்ரீ முருகன் நிலையம், கல்வியையும் இறைவழிபாட்டையும் இணைத்து ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பல்கலைக்கழக வாயில்வரை கொண்டுசென்றதை அன்பர்கள் அறிவர். சிற்றூர் ஆலயமும் தன் அளவில் அவ்வழியைப் பின்பற்றலாம்.

ஐந்தாவது, வேறு பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள். இந்நாட்டு இந்தியப் பிள்ளைகளுள் பெரும் பகுதியினர் தமிழ்ப்பள்ளிக்கு வெளியே பயில்கின்றனர். அவர்களும் ஆலயத்தின் பிள்ளைகளே. ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்குத் தமிழ்மொழி கற்பிக்க வழியுண்டு என்று 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கூறுகின்றது. 15 பெற்றோரைத் தேடிச் சேர்ப்பது தனியொரு தந்தைக்கு அரிது. திருவிழாக் கூட்டத்தில் ஆலயத்திற்கு அது ஒரு மாலைப் பொழுதின் வேலை.

கடினமான ஒரு வினா

இத்தனையும் செய்தபின்னும் பிள்ளைகள் இல்லாத ஊரில் பள்ளி என்னாகும்? இவ்வினாவைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. சில தோட்டப்பள்ளிகள் மக்கள் குடியேறிய புதிய வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்து, பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கிப் புதுவாழ்வு பெற்றுள்ளன. தோட்டம் மறைந்தபின்னும் அதன் பெயர் பள்ளியின் பெயர்ப்பலகையில் வாழ்கின்றது. அவ்வாறு இடம்பெயர்வதை ஊரின் மானக்கேடு என்று எதிர்ப்போரும் உண்டு. தாத்தா படித்த இடம், தந்தை படித்த இடம் என்னும் பாசம் போற்றத்தக்கதே. ஆயினும், அந்தப் பாசத்தின் விலையை ஏழு வயதுப் பிள்ளை, தோழர் எவருமின்றித் தனியே அமர்ந்து செலுத்தலாகாது. பெயர்ப்பலகையைக் காப்பது வேறு. பள்ளியைக் காப்பது வேறு. ஆலயத்திலும் பாலாலயம் செய்து மூர்த்தியை இடம்மாற்றி, திருப்பணி முடிந்தபின் குடமுழுக்கு நடத்தும் மரபு உண்டு. அவ்வேளையில் தெய்வம் நீங்கிவிட்டது என்று எவரும் புலம்புவதில்லை, வழிபாடு தொடர்கின்றது. பள்ளியின் இடம் மாறினும், உரிமத்தை இழவாமல், பயிலும் பிள்ளைகள் சிதறாமல் காக்கப்பெறுமானால், அதுவும் ஒரு திருப்பணியே.

அதே வேளையில், பிள்ளைகள் இருந்தும் கவனிப்பாரின்றி ஒரு பள்ளி தேய்ந்து மறையுமானால், அதற்கு விதியைக் காரணம் கூற இயலாது. அந்த வேறுபாட்டை ஊர்மக்கள் ஒன்றுகூடி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடும் பள்ளி மேலாளர் வாரியத்தோடும் கலந்து, காலத்தே உணர்ந்து முடிவு செய்ய வேண்டும். கதவடைத்தபின் கூட்டம் போடுவதால் ஆவது ஒன்றுமில்லை.

சிறுதுளியின் பெருமை

இவற்றிற்கெல்லாம் பொருள் எங்கே என்று சிலர் வினவக்கூடும். தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே அவர் கேட்டது. பால் வெட்டியவர்களும் சாலை போட்டவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் அளித்த வெள்ளிகள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்களாக மாறின. அளித்தவர்களுள் பலர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூடக் கண்டவர் அல்லர். தாங்கள் மிதியாத படியைத் தங்கள் பேரப்பிள்ளைகள் மிதிப்பர் என்னும் நம்பிக்கையே அவர்களை ஈயச் செய்தது.

ஒரு குடமுழுக்கிற்கும் அடுத்த குடமுழுக்கிற்கும் இடைப்பட்டது 12 ஆண்டு. தொடக்கப்பள்ளியின் காலம் 6 ஆண்டு. ஆகவே, ஓர் ஆலயம் ஒருமுறை வண்ணம் புதுப்பித்து அடுத்த முறை புதுப்பிப்பதற்குள், பக்கத்துப் பள்ளியில் இரண்டு தலைமுறை மாணவர் நுழைந்து வெளியேறிவிடுகின்றனர். கோபுரத்தின் வண்ணம் மங்கினால் மீண்டும் பூசலாம். பிள்ளையின் ஏழாம் வயது மீண்டும் வருவதில்லை.

மெய்யன்பர்களே! தேர் நிலைக்கு வந்து சேர ஊர்கூடி வடம் பிடிக்க வேண்டும் என்பதைக் காட்டுவதே திருவிழா. பள்ளி என்னும் தேருக்கும் வடம் உண்டு. திருவிழா முடிந்து ஊர் திரும்பும் அன்பர்கள், ஆலயத்தை வலம் வந்தபின் பத்து நிமிடம் ஒதுக்கி, பக்கத்துப் பள்ளியின் வாயிலிலும் ஒருமுறை நின்று செல்வார்களாக. அங்கே எத்தனை பிள்ளைகள் பயில்கின்றனர் என்று கேட்டு அறிவார்களாக. அந்த எண் எதுவாயினும், அவர்களுள் ஒரு பிள்ளைக்குத் தம்மால் இயன்றது யாது என்று எண்ணியவாறே வீடு திரும்புவார்களாக.

எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருள் பிள்ளைகள் அனைவருக்கும் துணைபுரிவதாக!